நல்ல தண்ணீரில் இருபது சாவு

எனக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால், ஆயிரத்து இருநூறு என்று கூசாமல் சொல்வேன். பொய்யில்லை. ஆறு கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்கு இருநூறு. ஒவ்வொருத்தியும் எள் அளவு. பிறந்த குட்டியாக இருந்தால் ரவையில் பாதி. சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது. காலையில் ஆளுக்குக் கொஞ்சம் பாசித் தண்ணீர் ஊற்றினால் போதும், வயிறு பச்சையாகத் தெரிய நாள் முழுக்கக் குதித்துக்கொண்டிருப்பார்கள்.

நீர்த்தெள்ளு என்று பெயர். படித்தவர்கள் டாஃப்னியா என்பார்கள். தெள்ளு என்றதுமே ஆட்கள் ஓரடி பின்னால் போவார்கள். நாய் மேல் இருக்கிற தெள்ளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், பரம சாது. உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் அடித்துக்கொள்வதைக்கூடப் பார்க்கலாம். இன்னொரு விஷயம், நன்றாக வைத்துக்கொண்டால் ஜாடியில் எல்லாரும் பெண்கள்தான். ஆண் துணை இல்லாமலே குட்டி போடுவார்கள். தீனி குறைந்து, குளிர் கூடி, கஷ்டகாலம் வந்தால்தான் ஆண் பிறப்பான். இதை என் கணவரிடம் மாதம் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவேன்.

நான் வேலை செய்வது தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில். வயலிலும் தோட்டத்திலும் அடிக்கிற பூச்சிமருந்து மழையோடு வழிந்து வாய்க்காலுக்கு வந்துவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பக்கத்து அறை இயந்திரம் இன்ன மருந்து இவ்வளவு இருக்கிறது என்று பக்கம் பக்கமாக அச்சடித்துத் தள்ளும். சரி, இந்தத் தண்ணீரில் உயிர் பிழைக்குமா என்று கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். அதற்கு என் பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கிற முறை இதுதான். நாலு குவளையில் வாய்க்கால் தண்ணீர், நாலு குவளையில் நாங்களே தயாரிக்கிற நல்ல தண்ணீர். ஒவ்வொரு குவளையிலும் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டிகள் ஐந்து. ஆக அங்கே இருபது, இங்கே இருபது. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் பதினைந்து விநாடி பார்க்க வேண்டும். நீந்துகிறவள் பிழைத்தவள். நீந்தாதவளைப் போனவள் என்று எழுத வேண்டும். இருபதில் இரண்டு பேர் வரை போனால் மன்னிப்பு உண்டு. மூன்றாவது ஆள் போனால் அந்தத் தண்ணீர் ஆகாது. நல்ல தண்ணீரிலேயே மூன்று பேர் போனால், தப்பு வாய்க்காலில் இல்லை, எங்களிடம். முடிவு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் நான் தாளைக் கிழித்ததே இல்லை. இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் திமிர் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு சோதனையைச் செய்துதான் என் அக்காவின் பேச்சை இழந்தேன்.

அக்கா மீன் வளர்க்கிறவள். வீட்டுக்குப் பின்னால் குளம், குளத்துக்கு வாய்க்காலிலிருந்து ஒரு மதகு. அந்த வருஷம் மீன்குஞ்சு ஒழுங்காக வளரவில்லை. சவலையாக இருந்தது, தினமும் நாலைந்து மிதந்தது. அக்கா வெயிலைச் சொன்னாள், தீனியைச் சொன்னாள், கண் பட்டுவிட்டது என்றும் சொன்னாள். அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போன நான், சாப்பிட்டோமா வந்தோமா என்று இல்லாமல் ஒரு பாட்டில் வாய்க்கால் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தேன். ஐந்து மணி நேரத்தில் இருபது பேரும் அடியில் படுத்துவிட்டார்கள். வாய்க்காலின் மேல்பக்கத்துப் பழத்தோட்டங்களில் அடித்த மருந்துதான் காரணம். மீன்குஞ்சு தின்று வளர்வதே இந்த மாதிரி சின்ன உயிர்களைத்தான். தீனியும் போய், தண்ணீரும் கெட்டால் குஞ்சு எப்படித் தேறும்? நான் தாளை எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்துகிற மேடத்திடம் கொடுத்தேன். மேடம் அதைத் தண்ணீர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர்கள் வந்து மதகைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மூன்று மாதத்தில் குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது.

"ரவை சைசுல ஒரு பூச்சி செத்துச்சுன்னு என் குளத்தையே மூடிட்டல்ல?" அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். அதன் பிறகு எங்கள் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

இதற்கிடையே தண்ணீர் அலுவலகம் தோட்டக்காரர்களோடு மல்லுக்கட்டி ஒரு வழிக்குக் கொண்டுவந்தது. வாய்க்கால் ஓரத்தில் இருபது அடிக்குப் புல் விடுவது, அந்தப் பட்டையில் மருந்து அடிக்காமல் இருப்பது, இருந்ததிலேயே மோசமான மருந்தை அடியோடு நிறுத்துவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு முழுப் பருவம் அப்படிப் போனது. இனி எங்கள் தாள் வந்தால் மதகைத் திறக்கலாம் என்றார்கள்.

ஆனால் அக்கா வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. வறண்ட குளத்தை மண் போட்டு மேடாக்கி லாரி நிறுத்தக் கொடுத்துவிடலாம் என்று ஒருவரிடம் பேசி முடித்திருந்தார். திங்கட்கிழமை காலையில் முதல் மண் லாரி வரும். அதற்குள் தாள் வந்து மதகு திறந்தால் குளம் பிழைக்கும். இல்லாவிட்டால் அக்கா அந்த லாரிகளுக்கு ரசீது எழுதிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நாலு வயதிலிருந்து தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே இருந்தவள் அவள். அவள் ரசீது எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மேடம் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மேடம் கறாரான ஆள். சிரித்தால் அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வாரோ என்று பயமாக இருக்கும்.

"உங்க அக்கா குளம்னு தெரியும். நீங்களே செய்யறீங்களா, வேற யாரையாவது விடட்டுமா?"

"தெள்ளுக்குச் சொந்தபந்தம் எல்லாம் தெரியாது மேடம்" என்றேன்.

அன்று குட்டிகளைப் பிரித்தேன், எட்டுக் குவளையிலும் விட்டேன், ஜாடிகளுக்குத் தீனி போட்டேன். மேல்தட்டில் இருக்கிற ஆறாவது ஜாடிக்கு மட்டும் கை எட்டவில்லை. முக்காலியை, எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிற அக்கா எங்கேயோ எடுத்துப் போயிருந்தார். ஒருநாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது பாட்டுகூடப் பாடிக்கொண்டு போனேன்.

புதன்கிழமை காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் வாய்க்கால் குவளைகளில் இருபது பேரும் அடியில். போச்சு, அக்காவின் குளம் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கண் பக்கத்துக்குப் போனது. நல்ல தண்ணீர்க் குவளைகளிலும் இருபது பேர் அடியில் கிடந்தார்கள். ஓடிப் போய் ஜாடிகளைப் பார்த்தேன். ஐந்து ஜாடி, ஆயிரம் பேர், வெள்ளையாகப் படிந்து கிடந்தார்கள். மேல்தட்டு ஜாடி மட்டும் கல்யாண வீடு மாதிரி குதித்துக்கொண்டிருந்தது.

பதினாறு வருஷத் திமிர் அந்த ஒரு நிமிஷத்தில் இறங்கியது. ஆயிரம் பேரை எனக்கு முகம் பார்த்துத் தெரியாதுதான். இருந்தாலும் தினமும் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் வெளிச்சத்துக்கு மேலே வருகிறவர்கள் அவர்கள். அழுகை வந்துவிட்டது.

மேடம் வந்து பார்த்தார். தாளை எடுத்தார், நாலாக மடித்தார், கிழித்தார். "நல்ல தண்ணியிலயே செத்திருக்கு. இத வச்சு வாய்க்கால் நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. காரணத்தக் கண்டுபிடிங்க."

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? தண்ணீரைப் பார்த்தோம், சரியாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்தோம், பாசியைப் பார்த்தோம், அறையின் சூட்டைப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. நான் தொட்டவை செத்திருக்கின்றன, நான் தொடாத ஒரே ஜாடி பிழைத்திருக்கிறது. மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்தாள். பத்து வயது, எதையும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"அம்மா, தல இன்னும் அரிக்குது. டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணுன்னாங்க. அந்தப் பேன் மருந்த இன்னொரு தடவ போடணுமாம்."

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் தலையில் பேன் பிடிபட்டது. மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி, வீட்டில் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்ததால் அவளுக்கும் போட்டு, நானும் தலை நிறையத் தடவிக்கொண்டேன். இதற்கெல்லாமா இப்போது போன் பண்ணுவாள் என்று எரிச்சலோடு கையைத் தூக்கிக் கொண்டையைச் சரிசெய்யப் போனேன். விரலில் கண்ணாடிச் சொட்டுக்குழாய் தட்டுப்பட்டது.

தச்சர் காதில் பென்சில் செருகுவது போல நான் சொட்டுக்குழாயைக் கொண்டையில் செருகுவேன். பதினாறு வருஷப் பழக்கம். குட்டியை உறிஞ்சுவது, விடுவது, குழாயைக் கொண்டையில் செருகுவது, குவளையை நகர்த்துவது, குழாயை உருவுவது. எட்டுக் குவளை, ஐந்து ஜாடி, அத்தனையிலும் என் தலையை முக்கி முக்கி எடுத்திருக்கிறேன்.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். உனக்கு யார்கிட்டேர்ந்துடி பேன் வந்துச்சு?"

"பெரியம்மா வீட்டுலேர்ந்து. அங்க எல்லார் தலையிலயும் இருக்கு. பெரியம்மாவுக்கு நானே பாத்து எடுத்தேன்."

"பெரியம்மா வீடா? நீ எப்ப அங்க போன?"

"வாரா வாரம் போறேனே. அப்பாதான் கூட்டிட்டுப் போவார். உன்கிட்ட நீச்சல் கிளாஸ்னு சொல்லச் சொன்னார்."

இரண்டு வருஷமாக நீச்சல் வகுப்புக்குப் போகிற பெண் தலை நனையாமல் வீட்டுக்கு வருகிறாளே என்று ஒரு நாளாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? தண்ணீரைப் பற்றி ஊருக்கே தாள் கொடுக்கிறவள் நான். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. என் மகள் அக்காவின் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்திருக்கிறாள். நான் போகாவிட்டாலும் என் வீடு அங்கே போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். மேடம் இதைப் பார்த்துக் கொஞ்சம் கவலைப்பட்டார்.

"மேடம், நான்தான் கொன்னேன்" என்றேன். "என் தலைல பேன்."

மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாட்டிலின் படத்தைக் கணவரிடமிருந்து வரவழைத்துப் பெரிதாக்கிப் படித்தோம். மேலே தோட்டக்காரர்கள் அடிப்பதை நிறுத்திய மருந்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. மனுஷத் தலைக்கு ஒன்றும் செய்யாது, பேனைக் கொல்லும். நீர்த்தெள்ளுக்கு அதில் ஒரு துளியின் துளி போதும். புல்பட்டை விடச் சொல்லித் தண்ணீர் அலுவலகம் போட்ட கூட்டத்தில் தோட்டக்காரர்களிடம் நான் பேசிய பேச்சென்ன, திங்கட்கிழமை சாயங்காலம் என் தலையில் நானே ஊற்றிக்கொண்டதென்ன!

"சரி, நீங்க அந்த ரூமுக்குள்ள போகக்கூடாது" என்றார் மேடம். "நானே செய்யறேன்." எழுந்தவர் பாதியில் நின்றார். முகம் மாறியது. "எங்க பூனைக்கு ஞாயித்துக்கிழமை உண்ணிக்குச் சொட்டு மருந்து விட்டேன். கழுத்துல. அது தினமும் என் மடியிலதான் தூங்குது."

பூனை மருந்தின் பெயரைத் தேடினோம். அது இன்னும் மோசம். மேடம் மெல்ல உட்கார்ந்தார். பாட்டில் கழுவுகிற அக்காவைக் கேட்டால், அவர் வீட்டில் ராத்திரி பகல் என்று பார்க்காமல் கொசுவுக்கு மூன்று சுருள் எரிகிறதாம். இயந்திரத்து அறைத் தம்பி கையெல்லாம் கொசுக் களிம்பு. தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று உலகத்துக்குச் சொல்கிற கட்டடத்தில், மருந்து ஒட்டாத ஆள் ஒருத்தர் இல்லை. மேடத்துக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. படிவம் எதுவும் கேட்கவில்லை.

அப்போது எங்கள் வண்டி ஓட்டுகிற அண்ணன், சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். கதவு வெளிச்சம் அவர் தலையில் பட்டுப் பளீரென்றது. சுத்தமான வழுக்கை. நானும் மேடமும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம்.

"என்ன மேடம், அப்படிப் பாக்கறீங்க?"

மேடம் சம்பந்தம் பேசுகிற மாதிரி விசாரித்தார். "வீட்ல நாய், பூனை?"

"கிட்ட வந்தாலே எனக்குத் தும்மல் மேடம்."

"கொசுவத்தி?"

"ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்கேன்."

"செடி வச்சிருக்கீங்களா? மருந்து ஏதாவது அடிப்பீங்களா?"

"ஒரே ஒரு ரோஜா. அதுவும் போன வருஷமே போயிடுச்சு."

"தலைக்கு என்ன போடறீங்க?"

அண்ணன் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டு மேடத்தை ரொம்ப வருத்தமாகப் பார்த்தார்.

அன்று மத்தியானம் அவரே போய் வாய்க்காலில் புதுத் தண்ணீர் மொண்டு வந்தார். சாயங்காலம் கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, புது அங்கி போட்டு, உள்ளே போனார். நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். இடையில் ஒரு சின்னத் திறப்பு உண்டு, அதன் வழியாகக் குரல் கேட்கும். மேல்தட்டு ஜாடியை அவர் இறக்கிய விதத்தைப் பார்த்து எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வயிற்றில் குட்டி தெரிகிற தாய்களைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னேன். விடிந்தால் குட்டிகள் இருக்கும்.

வியாழக்கிழமை காலையில் இருந்தன. நூற்றுக்கு மேல். அண்ணன் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"தங்கச்சி, நெஞ்சு அடிக்குது! இத்தனூண்டு இருந்துட்டு என்னமா அடிக்குது பாருங்க!"

"பாத்திருக்கேன் அண்ணா. குழாய எடுங்க."

"வயித்துல ஒண்ணுமே இல்ல போல, பசிக்காதா?"

"சோதனை முடியற வரைக்கும் பட்டினிதான். குழாய் முனை தண்ணிக்குள்ள இருக்கட்டும், மேலேர்ந்து போடாதீங்க, காத்து மாட்டிக்கிட்டா மெதந்துடுவாங்க."

இருபது வருஷம் கியர் போட்ட கை. முதல் குட்டியை உறிஞ்சும்போது நாலு பேரைச் சேர்த்து இழுத்தார். இரண்டாவதில் ஒருத்தியும் வரவில்லை. நான் வெளியிலிருந்து "மெதுவா, மெதுவா, பிரேக்" என்று கத்தினேன். அது அவருக்குப் புரிந்தது. வளைவில் வண்டியை இறக்குகிற மாதிரி விரலைத் தளர்த்தினார். ஐந்தாவது குட்டியிலிருந்து சரியாகப் போனது. ஒவ்வொருத்தியையும் விடும்போது "போய்ட்டு வாம்மா" என்றார். நாற்பது பேரை விட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் செய்தால் இருபது நிமிஷம். ஆனாலும் என்னைவிட அவர் அழகாகச் செய்தார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். குழாயை எங்கேயும் செருகவில்லை.

நாற்பத்தெட்டு மணி நேரம் சும்மா இருப்பது எனக்கு வராத கலை. வெள்ளிக்கிழமை வீட்டில் மூன்று தலையணை உறை மாற்றினேன், கணவரை நீச்சல் வகுப்பு பற்றி விசாரித்தேன். "உங்க அக்கா ஒவ்வொரு தடவையும் நீ நல்லாருக்கியான்னுதான் கேப்பாங்க, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார். "நீயும் தினமும் அவங்க இருமலப் பத்தி என்கிட்ட கேட்டியே, அதையும் அங்க போய்ச் சொல்லிட்டுத்தான் இருந்தேன்." கஷ்டகாலத்துக்குப் பிறக்கிற ஆண்களைப் பற்றி இனிமேல் நான் வாய் திறப்பதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் கண்ணாடிக்கு முன்னால் கூடிவிட்டோம். அண்ணன் பின்னால் கறுப்புக் காகிதத்தை வைத்து, பக்கத்தில் விளக்கை வைத்து, குவளையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி ஓரம் கொண்டுவந்தார். மேடம் கையில் கடிகாரம்.

முதலில் நல்ல தண்ணீர். சுழற்றியதும் எல்லாரும் துள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. எனக்கு மூச்சு வந்தது. இனி எது நடந்தாலும் அது வாய்க்காலின் பேச்சு.

வாய்க்கால் குவளை ஒன்று. ஐந்து பேரும் நீந்தினார்கள். இரண்டு, ஐந்து. மூன்றாவதில் ஒருத்தி கொஞ்சம் சோம்பேறி, ஒன்பதாவது விநாடியில் எழுந்தாள். பாட்டில் கழுவுகிற அக்கா கைதட்டிவிட்டார். நாலாவதில் நாலு பேர் மேலே போனார்கள். ஒருத்தி அடியிலேயே கிடந்தாள்.

"பத்து" என்றார் மேடம். "பன்னெண்டு."

"எந்திரிம்மா" என்றார் அண்ணன். "தங்கச்சி, கைய ஆட்டறா பாருங்க!"

"ஆட்டினா போதாதுண்ணா. நீந்தணும்."

"பதினஞ்சு."

"இன்னும் ரெண்டு விநாடி குடுங்க மேடம், எந்திரிச்சுடுவா!"

மேடம் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தாள் என் கையில் இருந்தது. அடியில் கிடந்தவள் கையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தாள். இருபது என்று எழுத என் பேனாவுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். பத்தொன்பது என்று எழுதினேன். பத்தொன்பது போதும், மதகு திறக்கும். ஆனாலும் அந்த ஒருத்திக்காக வருத்தமாக இருந்தது. வருத்தம் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் நாங்கள் எல்லாரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தோம். அண்ணன் உள்ளே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். மேடம், "குவளை, குவளை, ஜாக்கிரதை" என்று சொல்லிக்கொண்டே தானும் கைதட்டினார்.

மத்தியானமே தண்ணீர் அலுவலகத்துக்காரர் சாவியோடு கிளம்பினார். அண்ணன் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன், ஆனால் முன் இருக்கையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

மதகுக்குப் பக்கத்தில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் நின்றார்கள். அக்கா இளைத்திருந்தாள். நரை கூடியிருந்தது. கீழே குளம் வெடிப்பு விட்டுக் கிடந்தது, வெடிப்புக்குள் புல் முளைத்திருந்தது. அலுவலகத்துக்காரர் தாளை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்து நேராக நடந்து வந்தாள்.

"இருபதும் பொழச்சுதா?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது.

"பத்தொன்பது" என்றேன்.

"ஒண்ணுக்கு என்ன ஆச்சு?"

"நீந்தல. ஏன்னு தெரியலக்கா. சும்மாவே ஒண்ணு ரெண்டு அப்படிப் போகும். ஆனா இது வாய்க்கால் தண்ணியில இருந்ததுதான். பருவத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டே இருக்கணும். மறுபடி கெட்டுப்போனா மறுபடி மூடச் சொல்லுவேன்."

அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார், போதும் நிறுத்து என்று. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருபதுன்னு சொல்லியிருந்தீன்னா" என்றாள், "தங்கச்சி எனக்காகச் சொல்றான்னு நெனச்சிருப்பேன். பயந்து பயந்துதான் குஞ்சு விட்டிருப்பேன்." பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "அந்த லாரிக்காரருக்குப் போன் பண்ணுங்க. மண்ணு வேணாம்னு சொல்லுங்க."

அலுவலகத்துக்காரர் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். மதகுச் சக்கரம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அதைப் பிடித்து ஒரு தடவை தம் கட்டினாள். அது அசையவில்லை. முகம் சிவக்க என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி வேடிக்க பாத்துட்டு நிக்கற? அந்தப் பக்கம் புடி."

நான் போய் அந்தப் பக்கம் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பினோம், தண்ணீர் வந்தது.